இடித்தது யார் தப்பு?

கேள்வி: விருதுநகரில் சர்வீஸ் ரோட்டிலிருந்து நான்குவழிச் சாலையில் ஏறும்போது ஒரு கார் என் காரை இடித்துவிட்டது. பின்னால் வந்தவர்மீதுதானே தப்பு?

பதில்: எப்போதும் அப்படியில்லை. பிரதான சாலையில் வருபவருக்கே முன்னுரிமை. ஏறுகிறவர்தான் வழிவிட வேண்டும். 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்வது இது. ஒடுக்கு எங்கே விழுந்திருக்கிறது, பாருங்கள். வலப்பக்கக் கதவிலோ முன் மட்கார்டிலோ என்றால், நீங்கள் பாதி நுழைந்தபோதே இடி என்று அர்த்தம், வாதம் கஷ்டம். பின் பம்பர் நேராக நசுங்கியிருந்தால், இடைவெளி விடாமல் வந்த அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இருவர்மீதும் தப்பிருந்தால் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சதவீதமாகப் பிரிக்கும். உங்கள் பங்கு இழப்பீட்டில் கழியும். 'இண்டிகேட்டர் போட்டேனே' என்பது அங்கே செல்லாது. ஆதாரம்தான் பேசும்: வண்டியை ஓரங்கட்டுமுன் நாலு பக்கமும் படம் எடுத்தீர்களா?