விசிலை வாங்கிக்கொண்ட தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

ரயில்வே அணியிலிருந்து விலகிவிட்டதாகவும், ஜூன் முதல் பள்ளிப் பெண்களுக்குக் கோச்சாகப் போவதாகவும் எழுதியிருந்தாய். சந்தோஷம். "இத்தனை வருஷம் ஆடினவளுக்குச் சொல்லிக்கொடுக்கவா தெரியாது?" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சை மட்டும் காதில் வாங்காதே.

கூடைப்பந்தை 1891-ல் உருவாக்கியவர் ஜேம்ஸ் நைஸ்மித். பிறகு அவரே அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழக அணிக்குக் கோச்சாக இருந்தார். 55 வெற்றி, 60 தோல்வி. ஜெயித்ததைவிட அதிகம் தோற்ற கோச் என்று அந்த அணியின் வரலாற்றில் இருப்பது அவர் ஒருவர்தான். அவரிடம் படித்த ஃபாக் ஆலன் அதே அணியைப் பல்லாண்டு நடத்திப் பெரிய பெயர் வாங்கினார். ஆட்டத்தையே உண்டாக்கியவருக்கு இந்த நிலை என்றால் நீயும் நானும் எம்மாத்திரம்?

மேஜிக் ஜான்சன் உன்னைப் போல பாயிண்ட் கார்ட். 1994-ல் சீசன் முடிய 16 ஆட்டங்கள் இருந்தபோது என்.பி.ஏ. லீகின் லேக்கர்ஸ் அணிக்குக் கோச்சானார். முதல் ஆறில் ஐந்தை ஜெயித்தார். கடைசிப் பத்தையும் வரிசையாகத் தோற்றார். அத்தோடு அந்த வேலையே வேண்டாம் என்று போய்விட்டார். முகத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு இன்னொரு பக்கம் பாஸ் போடுகிற ஆள். அவர் கண்ணில் பட்டது மற்றவர் கண்ணில் படவில்லை, அதைச் சொல்லிப் புரியவைக்க அவருக்குப் பொறுமையும் இல்லை என்பது என் கணிப்பு.

உன் சிக்கலும் அங்கேதான் வரும். ஸ்கிரீனைச் சுற்றி வந்ததும் பந்து உன் கையிலிருந்து தானாகப் போய்விடும். யாருக்கு, ஏன் என்று கேட்டால் "தெரிஞ்சுது, போட்டேன்" என்பாய். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு இந்தப் பதில் உதவாது. அதனால் ஜூனுக்கு முன் ஒரு காரியம் செய். உன் பழைய மேட்ச் வீடியோவைப் போட்டு, பாஸ் கையை விட்டுப் போவதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்து. அப்போது எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று எழுது. பெரும்பாலும் உன்னை மறித்தவளை நீ பார்த்திருக்க மாட்டாய். எதிர்ப்பக்கத்தில் உதவிக்கு ஓடிவரத் தயாராக இருந்த டிஃபெண்டரின் பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதைப் பார்த்திருப்பாய். அவள் உள்ளே ஒரு அடி வைத்தால் கார்னரில் நிற்பவளுக்குப் பாஸ். வைக்காவிட்டால் கூடையை நோக்கி ஓடுகிறவளுக்கு. இப்படி உடைத்துச் சொல்ல முடிந்த அன்றுதான் நீ கோச். அதுவரை கோர்ட்டில் இறங்கிச் செய்துகாட்டாதே. பிள்ளைகள் கைதட்டுவார்கள், உனக்கும் நன்றாகத்தான் இருக்கும். யாரும் எதையும் கற்றிருக்க மாட்டார்கள்.

இன்னும் ஒரு சீசன் ஆடிக்கொண்டே கோச்சாக இருக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். பில் ரஸ்ஸல் 1966-ல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் ஆடிக்கொண்டே கோச்சாகி, முதல் சீசனில் கோட்டைவிட்டு, 1968, 1969 இரண்டு பட்டங்களையும் வாங்கினார். அவர் கோர்ட்டுக்குள்ளேயே இருந்தார். தப்பு நடந்தால் தானே ஓடிப்போய் அடைத்துவிடலாம். வெளியே மட்டும் நின்ற பிறகு அப்படி ஓட முடியவில்லை: சேக்ரமென்டோ அணியில் 17 வெற்றி, 41 தோல்வியோடு சீசன் நடுவிலேயே பதவி போனது. அமெரிக்க வீராங்கனை டான் ஸ்டேலி வேறு மாதிரி. 2000-ல் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் கோச்சானார். கோடையில் தொழில்முறை லீகில் தொடர்ந்து ஆடினார். ஆடிய அணி வேறு, நடத்திய அணி வேறு. பிறகு தென் கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் போய் 2017, 2022, 2024 என மூன்று தேசியப் பட்டங்கள். ஆகவே மாலையில் கிளப்புக்கு ஆடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் பிள்ளைகளோடு சேர்ந்து மட்டும் ஆடாதே.

டைம்-அவுட் விஷயத்துக்கு வருகிறேன். சர்வதேச விதிப்படி முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று; ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். பெஞ்சுக்கு வந்து தண்ணீர் குடித்து மூச்சு வாங்கவே பாதி போய்விடும். மிச்சத்தில் ஒன்றே ஒன்றைச் சொல். அதற்கும் முன்னால் உள்ளேயிருந்து வந்தவளிடம் "என்ன நடக்குது?" என்று கேள். உனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருக்கும். 2015 என்.பி.ஏ. இறுதிச் சுற்றில் கோல்டன் ஸ்டேட் அணி 1-2 என்று பின்தங்கியிருந்தபோது, ஆண்ட்ரே இகுவோடாலாவை முதல் ஐவரில் இறக்கலாம் என்று யோசனை சொன்னவர் நிக் யுரென் என்கிற 28 வயது உதவியாளர். ஆட்டக்காரராக ஐந்து முறை பட்டம் வென்றவரான கோச் ஸ்டீவ் கெர் அதைக் கேட்டார். அடுத்த மூன்று ஆட்டமும் வெற்றி. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது இகுவோடாலாவுக்கு. கெர் ஆடிய காலத்தில் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து இறங்கியவர். உட்கார்ந்து பார்த்த பழக்கம் அவருக்கு உண்டு, உனக்குக் கிடையாது. பன்னிரண்டு பேரில் ஐவர்தான் இறங்க முடியும்; மீதி ஏழு பேர் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உனக்கு அனுபவமில்லை. பயிற்சியில் அவர்கள் பக்கம் கொஞ்சம் அதிகம் நில்.

பெற்றோர் வருவார்கள். தெற்கு ரயில்வேயில் வேலை, இந்திய அணிக்குத் தலைமை, 2021-ல் பத்மஸ்ரீ என்று நம் சென்னை அனிதா பால்துரையைச் சொல்லி, "என் பொண்ணுக்கும் ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடைக்குமா மேடம்?" என்பார்கள். வாக்குக் கொடுக்காதே. எத்தனை இடம், எவ்வளவு போட்டி என்று அந்தப் பக்கத்தில் இருந்து வந்த உனக்குத் தெரியும், உள்ளதைச் சொல்லிவிடு.

பட்டியாலா கோச்சிங் டிப்ளமாவைத் தள்ளிப்போடாதே. அரசு கோச் வேலைக்கு முதலில் அதைத்தான் கேட்பார்கள். படிவத்தைப் பூர்த்தி செய்ததும் அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டு.

அன்புடன்,
அக்கா