சுமையும் சூடும்

நுழையும்முன்

ஓர் இயந்திரம் பழுதடைந்தால் உடைந்த உறுப்பு உடனே கண்ணுக்குத் தெரியும். அது ஏன் உடைந்தது என்பது அவ்வளவு எளிதில் தெரிவதில்லை. உடைந்ததை மட்டும் மாற்றினால் பழுது மீண்டும் வந்து சேரும். அமெரிக்கச் சாலைகளில் சுமை இழுத்த ஒரு டீசல் டிரக்கின் வரலாற்றைக்கொண்டு இவ்வுண்மையை விளக்குகிறது இப்பாடம்.

ஏற்றத்தில் பிறக்கும் வெப்பம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குதிரை, படகு, கட்டுமானப் பொருள் முதலியவற்றை டிரெய்லரில் ஏற்றிப் பிக்கப் டிரக்கின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் வழக்கம் பரவலாக உள்ளது. சொந்த டிரக்கைக்கொண்டு கூலிக்குச் சுமை இழுப்பதையே தொழிலாகக் கொண்டோரும் அங்கு உளர். டிரக் நின்றுவிட்டால் அவர்களின் வருவாயும் நின்றுவிடும்.

அரிசோனா, நெவாடா மாநிலங்களின் எல்லையில் கொலராடோ ஆற்றின் குறுக்கே டேவிஸ் அணை அமைந்துள்ளது. அதன் அருகிலிருந்து மலைமேல் ஏறும் சாலை ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் 900 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. கோடையில் அங்கு வெப்பநிலை 40 டிகிரி செல்சியசைக் கடக்கும். வாகனங்களின் இழுவைத்திறனை அளவிடும் அமெரிக்கத் தரவிதி இச்சாலையின் ஏற்றத்தையே அளவுகோலாகக் கொண்டுள்ளது.

டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 8000 கிலோகிராம் எடை எனக் கொள்வோம். மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் ஏற்றத்தைக் கடக்க ஏறத்தாழ 17 நிமிடம் ஆகும். அவ்வளவு எடையை 900 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் ஏறத்தாழ 70 கிலோவாட் திறன் இடைவிடாது தேவை. காற்றின் தடையையும் சக்கரங்களின் உராய்வையும் சேர்த்தால் தேவை 100 கிலோவாட்டை நெருங்கும். டீசல் எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டையே வேலையாக மாற்றுகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. எனவே, 100 கிலோவாட் வேலைக்கு உடன்பிறப்பாக 150 கிலோவாட் வெப்பமும் தோன்றுகிறது. அதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறும். மற்றொரு பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரும் எண்ணெயும் சுமந்து சென்று காற்றில் விட்டாக வேண்டும்.

எண்ணெயின் பணிகள்

எண்ணெய் என்றதும் உராய்வைக் குறைப்பது மட்டுமே அதன் பணி எனக் கருதுவோர் பலர். வெப்பத்தைச் சுமப்பதும் அதன் பணியாகும். கூலண்ட் சென்று தொட இயலாத இடங்களாகிய பிஸ்டனின் அடிப்பகுதி, சுழல்தண்டின் பேரிங்குகள், டர்போவின் அச்சு ஆகியவற்றை எண்ணெயே குளிர்விக்கிறது. நீரும் உறைவுத்தடுப்புப் பொருளும் கலந்த நீர்மத்தையே கூலண்ட் என்பர்.

சூடேறும்போது எண்ணெய் இளகி நீர்த்துப் போகிறது. 40 டிகிரி செல்சியசில் இருக்கும் பாகுநிலை 100 டிகிரியில் ஏழெட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மேலும் சூடேறினால் உலோகப் பரப்புகளைப் பிரித்து நிறுத்தும் மெல்லிய எண்ணெய்ப் படலம் வலுவிழக்கும். ஆறாச் சூட்டுடன் நெடுநேரம் சுழலும் எண்ணெய் காற்றிலுள்ள உயிர்வளியோடு வினைபுரிந்து கெட்டியாகிக் கசடு படியும். ஆகவே, எண்ணெயின் வெப்பத்தைத் தணிக்க ஓர் உறுப்பு வேண்டும். அதுவே எண்ணெய்க் குளிர்விப்பான். பட்டறை வழக்கில் 'ஆயில் கூலர்'.

எஞ்சினுக்குள் ஒரு குளிர்விப்பான்

போர்டு நிறுவனத்தின் சூப்பர் டூட்டி டிரக்குகளில் 2003 முதல் 2007 வரையிலான மாடல்களில் 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் என்னும் டீசல் எஞ்சின் இடம்பெற்றது. எட்டு சிலிண்டர்கள் நான்கு நான்காக இரு வரிசையில் சாய்ந்து நிற்கும் அமைப்பு அது. இரு வரிசைக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் எண்ணெய்க் குளிர்விப்பான் பதிக்கப்பட்டிருந்தது. மெல்லிய உலோகத் தகடுகளை அடுக்கி, ஓர் இடைவெளியில் எண்ணெயும் அடுத்த இடைவெளியில் கூலண்டும் ஓடுமாறு அமைத்திருந்தனர். எண்ணெய் தன் வெப்பத்தைத் தகட்டின் வழியாகக் கூலண்டுக்குத் தரும். கூலண்ட் அதை ரேடியேட்டரில் காற்றுக்குத் தரும்.

இவ்வமைப்புக்கு நன்மைகள் உண்டு. இடம் குறைவாகப் போதும். குளிர்காலக் காலையில் கூலண்டின் சூடு எண்ணெயை விரைவில் பதப்படுத்தும். எண்ணெய், கூலண்ட் ஆகிய இரண்டின் வெப்பநிலையும் அருகருகே நிற்கும்.

இந்த எஞ்சினில் எண்ணெய்க்கு வேறொரு கடமையும் இருந்தது. எரிபொருளைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை இயக்கியதும் எஞ்சின் எண்ணெயே. அதற்காக வளிமண்டல அழுத்தத்தைப்போல் 200 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்திற்கு எண்ணெய் உயர்த்தப்பட்டது. ஆகவே, எண்ணெயின் நலம் கெட்டால் உராய்வு மட்டுமன்றி எரிதலும் பாதிக்கப்படும்.

அடைப்பும் அதன் விளைவும்

குளிர்விப்பானில் கூலண்ட் செல்லும் வழிகள் மிகக் குறுகலானவை. எஞ்சினின் இரும்பு உடல் மணல் அச்சில் வார்க்கப்படுவது. வார்ப்பின்போது உள்ளே ஒட்டிய நுண்மணல் முழுதும் நீங்காமல் கூலண்டில் கலந்து சுற்றியது. கூலண்டிலிருந்து பிரிந்த சிலிக்கேட் படிவும் அதனோடு சேர்ந்தது. இரண்டும் குறுகிய வழிகளைச் சிறிது சிறிதாக அடைத்து நின்றன.

அடைப்பின் முதல் விளைவு எண்ணெய் சூடேறுவது. இரண்டாம் விளைவு அதைவிடக் கொடியது. எண்ணெய்க் குளிர்விப்பானைக் கடந்த கூலண்டே அடுத்ததாக இ.ஜி.ஆர். கூலருக்குச் செல்ல வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடு மாசைக் குறைக்கும்பொருட்டுப் புகையில் ஒரு பங்கை மீண்டும் எஞ்சினுக்குள் செலுத்துவர். அந்தச் சுடுபுகையைக் குளிர்விக்கும் உறுப்பே இ.ஜி.ஆர். கூலர். முன்வாசல் அடைபட்டதால் கூலண்ட் போதிய அளவு வந்து சேராத நிலையில், அதற்குள் இருந்த கூலண்ட் கொதித்தது. உலோகம் விரிசல் கண்டது. கூலண்ட் புகைவழியில் கசிந்தது.

ஓட்டுநர் கண்டவை புகைக்குழாயில் வெண்புகையும் குறைந்துகொண்டே போகும் கூலண்டும் ஆகும். கூலண்ட் சிலிண்டருக்குள் புகுந்தால் எஞ்சினே சிதையக்கூடும். சூடும் அழுத்தமும் மிகுந்தபோது சிலிண்டர் தலைப்புக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கட்டும் விட்டுக்கொடுத்தது. உடைந்த இ.ஜி.ஆர். கூலரை மாற்றி, அடைபட்ட எண்ணெய்க் குளிர்விப்பானை அப்படியே விட்டால், புதிய இ.ஜி.ஆர். கூலரும் அதே வழியில் சென்றது. விளைவுக்குச் செய்யும் செலவு காரணத்தைத் தொடுவதில்லை.

தெரிந்து தெளிவோம்

6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் எஞ்சினைப் போர்டு நிறுவனத்திற்காக உருவாக்கியது நேவிஸ்டார் நிறுவனம். உத்தரவாதக் காலப் பழுதுகளின் செலவை யார் ஏற்பது என்பதில் இரு நிறுவனங்களுக்கும் இடையே எழுந்த பிணக்கு 2007இல் வழக்காயிற்று. 2009இல் உடன்பாட்டில் முடிந்தது.

இரு வெப்பநிலைகள் சொல்லும் செய்தி

கண்ணுக்குத் தெரியாத அடைப்பை எஞ்சினைப் பிரிக்காமலே அறிய ஒரு வழி உண்டு. எஞ்சின் முழுதும் சூடேறியபின், நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டி, எண்ணெயின் வெப்பநிலையையும் கூலண்டின் வெப்பநிலையையும் ஒருசேரப் பார்க்க வேண்டும். குளிர்விப்பான் நலமாக இருந்தால் இரண்டும் நெருங்கியே இருக்கும். வேறுபாடு 15 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால், அஃதாவது ஏறத்தாழ 8 டிகிரி செல்சியசைத் தாண்டினால், அடைப்பு தொடங்கிவிட்டது என்பது பட்டறைகள் பின்பற்றும் அளவுகோல்.

எண்ணெயின் சூட்டை மட்டும் தனியே பார்த்தால் இச்செய்தி கிடைக்காது. மலையேறும்போது இரண்டும் சேர்ந்தே உயரும். அது சுமையின் இயல்பு. கூலண்ட் தன் நிலையில் நிற்க எண்ணெய் மட்டும் விலகி உயர்வதே நோயின் அடையாளம். எனவேதான் சுமை இழுப்போர் பலர் இரு வெப்பநிலைகளையும் காட்டும் மானியை ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே பொருத்திக்கொண்டனர்.

வெளியே வந்த குளிர்விப்பான்

அடைபட்ட குளிர்விப்பானுக்கு மாற்றாக அதே வகைப் புதியதைப் பொருத்துவது ஒரு வழி. கூலண்ட் வழிகளை நன்கு கழுவாமல் அதைச் செய்தால் எஞ்சியிருக்கும் மணல் புதியதையும் அடைக்கும். மற்றொரு வழி, எண்ணெயைக் கூலண்டிலிருந்து பிரித்துவிடுவது. பள்ளத்திலிருந்த குளிர்விப்பானை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் ஓர் உலோகக் கட்டையைப் பொருத்துவர். அக்கட்டை கூலண்டைத் தடையின்றி இ.ஜி.ஆர். கூலருக்கு அனுப்பும், எண்ணெயைத் தடித்த ஹோஸ்களின் வழியாக வண்டியின் முன்பக்கத்திற்கு அனுப்பும். அங்கு அலுமினியத் தகடுகளாலான குளிர்விப்பான் எதிர்க்காற்றில் நின்று எண்ணெயின் வெப்பத்தை நேரே காற்றில் விடும்.

இம்மாற்றத்தால் இரு நன்மைகள் கிட்டின. எண்ணெய் செல்லும் வழியைக் கூலண்டிலுள்ள மணல் இனி அடைக்க இயலாது. இ.ஜி.ஆர். கூலருக்குச் செல்லும் கூலண்டின் வழியும் விரிந்தது.

பொருத்தும்போது கருத வேண்டியவை

எஞ்சின் எண்ணெய் முழுதும் பயணம் செய்யும் வழி என்பதால் ஹோஸ்கள் போதிய அகலம் உடையனவாக இருக்க வேண்டும். குறுகிய ஹோஸ் எண்ணெயின் அழுத்தத்தைக் குறைத்து, பேரிங்குகளைப் பட்டினி போடும். சூடும் அழுத்தமும் தாங்கும் தரமும் அவற்றுக்கு வேண்டும். புகைக்குழாயின் அருகிலோ கூரிய விளிம்பின் மீதோ அவை உரசக் கூடாது. ஒரு ஹோஸ் அறுந்தால் ஏறத்தாழ 14 லிட்டர் எண்ணெயும் சிறிது நேரத்தில் சாலையில் கொட்டிவிடும். ஓட்டுநர் உடனே நிறுத்தாவிடில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். உள்ளே இருந்தவரை இல்லாத இவ்விடர், வெளியே வந்ததால் சேர்ந்த இடர் ஆகும்.

குளிர்விப்பானும் ஹோஸ்களும் கூடுதலாக எண்ணெய் கொள்ளும். பொருத்தியபின் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, அளவுகோலில் பார்த்துக் குறையை நிரப்ப வேண்டும். முன்னரே பேரிங் சிதைந்த எஞ்சினில் இருந்த பழைய குளிர்விப்பானை மறுபடி பயன்படுத்தக் கூடாது. அதன் மடிப்புகளில் தங்கிய உலோகத்துகளை முழுதும் கழுவி நீக்க இயலாது.

காற்றின் எல்லை

காற்றை நம்பிய குளிர்விப்பான் எல்லா நிலையிலும் சிறந்ததன்று. சமவெளியில் விரைந்து செல்லும்போது காற்று மிகுதி, வெப்பம் குறைவு. பெருஞ்சுமையோடு மலையில் மெல்ல ஏறும்போது வெப்பம் மிகுதி, காற்று குறைவு. தேவை மிகும் வேளையில் துணை குறைகிறது. அப்போது எஞ்சின் விசிறியே காற்றை இழுத்துத் தர வேண்டும். ஆகவே, குளிர்விப்பானின் பரப்பையும் அது நிற்கும் இடத்தையும் ஏற்றத்தின் தேவையைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டும்.

பனிக்காலத்தில் சிக்கல் நேர்மாறானது. எண்ணெய் போதிய சூட்டை எட்டாவிட்டால், எரிதலின்போது அதில் கலந்த நீரும் எரிபொருளும் ஆவியாகி வெளியேறா. கெட்டியான எண்ணெய் மெல்லிய வழிகளில் எளிதில் ஓடாது. இதனால் எண்ணெய் குளிர்ந்த நிலையில் இருக்கும்போது குளிர்விப்பானைச் சுற்றிக் கடந்து செல்ல மாற்றுவழி வால்வு ஒன்று தேவைப்படுகிறது. எண்ணெயை இயன்றவரை குளிர்விப்பது நோக்கமன்று; உரிய வெப்பநிலையில் நிறுத்துவதே நோக்கம்.

வெளிக்குளிர்விப்பான் எல்லாப் பழுதுக்கும் மருந்தும் அன்று. நீர்ப்பம்பு தேய்ந்திருந்தாலோ ரேடியேட்டர் அடைபட்டிருந்தாலோ அதைப் பொருத்தியும் பயனில்லை. எண்ணெயும் கூலண்டும் நெருங்கிய வெப்பநிலையில் நிற்கும் டிரக்கிற்கு அதற்கெனப் பணம் செலவிட வேண்டிய தேவையுமில்லை. முதலில் அளவிடுதல், அளவின் காரணத்தை அறிதல், அதன்பின் உறுப்பை மாற்றுதல் என்னும் வரிசை மாறினால், உழைத்துச் சேர்த்த பணம் பட்டறையில் கரையும். டிரக் மீண்டும் ஏற்றத்தின் நடுவில் நிற்கும்.

இலக்கணக் குறிப்பு

சுழல்தண்டு, சுடுபுகை – வினைத்தொகைகள்
நுண்மணல், பெருஞ்சுமை – பண்புத்தொகைகள்
நீரும் எண்ணெயும் – எண்ணும்மை
ஆறாச் சூடு – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

குளிர்ந்த – குளிர் + த்(ந்) + த் + அ
குளிர் – பகுதி. த் – சந்தி. ந் – ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அ – பெயரெச்ச விகுதி

புணர்ச்சி விதி

பெருஞ்சுமை – பெருமை + சுமை
'ஈறுபோதல்' என்னும் விதிப்படி, பெரு + சுமை. 'இனமிகல்' என்னும் விதிப்படி, பெருஞ்சுமை

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றிற்குச் சென்று, எஞ்சின் உறுப்புகளுக்கு அங்கு வழங்கும் பெயர்களைத் தொகுத்து, அவற்றுக்குப் பொருத்தமான தமிழ்ச் சொற்களை வகுப்பில் கலந்துரையாடி உருவாக்குக.
2. விளைவை மட்டும் சரிசெய்து காரணத்தை விட்டுவிடும் நிகழ்வு ஒன்றை அன்றாட வாழ்விலிருந்து எடுத்துக்காட்டி ஒரு பக்க அளவில் எழுதுக.

மதிப்பீடு

குறுவினா
1. எஞ்சினில் எண்ணெய் குளிர்விக்கும் உறுப்புகள் யாவை?
2. மாற்றுவழி வால்வின் தேவை யாது?

சிறுவினா
1. எண்ணெய், கூலண்ட் ஆகிய இரண்டின் வெப்பநிலையையும் ஒருசேரக் காண்பது ஏன்?
2. எண்ணெய்க் குளிர்விப்பானின் அடைப்பு இ.ஜி.ஆர். கூலரை எவ்வாறு பாதித்தது?

நெடுவினா
வெளிக்குளிர்விப்பானால் விளையும் நன்மைகளையும் சேரும் இடர்களையும் ஒப்பிட்டு, அதனை எந்நிலையில் பொருத்துவது தகும் என்பதை நிறுவுக.