இலவசமா, கட்டணமா? கருவிக்கு முன் அட்டவணை

குறுவள மையக் கூட்டங்களில் தரவு பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. மாணவர் வருகையையும் மதிப்பெண்ணையும் அலசிப் பார்க்க எந்த மென்பொருள் நல்லது? காசு கொடுத்து வாங்க வேண்டுமா, இலவசமாகக் கிடைப்பதே போதுமா? நிறுவனங்கள் தங்கள் விற்பனையையும் இருப்பையும் ஆராய்ந்து முடிவெடுக்கப் பயன்படுத்தும் 'பிசினஸ் இன்டெலிஜென்ஸ்' கருவிகள் இன்று பள்ளிக் கணினிக்கும் வந்துவிட்டதால் இந்தக் கேள்வி நமக்கும் உரியதாகிவிட்டது.

கருவியின் விலையைப் பார்ப்பதற்கு முன், தரவை எப்படி அடுக்கி வைத்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அடுக்கு சரியாக இருந்தால் நம் வகுப்பறைத் தேவைக்கு இலவசக் கருவியே போதும். அடுக்கு தவறாக இருந்தால் விலை உயர்ந்த கருவியும் கைகொடுக்காது.

95 விழுக்காடு மறைக்கும் செய்தி

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு வகுப்பில் 40 மாணவர்கள். ஒரு மாதத்தில் 22 வேலை நாட்கள். மொத்தம் 880 வருகைகள் பதிவாக வேண்டும். அவற்றில் 836 பதிவாகியுள்ளன. வருகை 95 விழுக்காடு. மகிழ்ச்சியான எண்தான்.

விடுபட்ட 44 நாட்கள் யாருடையவை? எல்லா மாணவர்களும் ஏறக்குறைய ஒவ்வொரு நாள் வராமல் இருந்திருக்கலாம். அல்லது இரண்டே குழந்தைகள் மாதம் முழுவதும், அதாவது ஆளுக்கு 22 நாட்கள், வராமல் இருந்திருக்கலாம். இரண்டுக்கும் விழுக்காடு ஒன்றுதான். முதல் நிலையில் கவலைப்பட ஒன்றுமில்லை. இரண்டாவது நிலையில் இரண்டு குழந்தைகள் பள்ளியை விட்டே நழுவிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் வாழப்பாடிப் பகுதியில் பாக்கும் மரவள்ளியும் முக்கியமான பயிர்கள். பாக்கு உரிப்பு, கிழங்கு அறுவடை, செங்கல் சூளை என்று பெற்றோர் வேலை தேடி இடம் மாறினால் குழந்தைகளும் உடன் செல்ல நேர்வதுண்டு. எந்தக் குழந்தை, எந்த ஊர், எந்த மாதம் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அடுத்த ஆண்டு அதே பருவம் வருவதற்கு முன்பே பெற்றோரிடம் பேச முடியும். மாத இறுதியில் விழுக்காட்டை மட்டும் எழுதி வைத்தால் அந்த வழி அடைபட்டுவிடும். எந்தக் கருவியாலும் விழுக்காட்டிலிருந்து குழந்தையைத் திரும்பக் கண்டுபிடிக்க இயலாது.

தரவு மாதிரி என்பது என்ன?

தரவை எந்தெந்த அட்டவணைகளாகப் பிரிப்பது, அவற்றை எதைக் கொண்டு இணைப்பது என்ற திட்டமே தரவு மாதிரி. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்கு அடித்தளமிட்டது. நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் வரும் உறவுநிலைத் தரவுத்தளம் அங்கிருந்து வளர்ந்ததுதான். நடுவில் நிகழ்வுகளின் அட்டவணை, சுற்றிலும் விளக்க அட்டவணைகள் என்ற 'நட்சத்திர' அமைப்பை ரால்ஃப் கிம்பால் 1996-இல் எழுதிய நூல் பரவலாக்கியது. இன்றைய பிசினஸ் இன்டெலிஜென்ஸ் கருவிகள் பெரும்பாலும் இந்த அமைப்புக்கே ஏற்றவை.

நம்மில் பலரும் வைத்திருக்கும் மதிப்பெண் பட்டியல் வேறு விதமானது. முதல் நிரலில் மாணவர் பெயர். அடுத்தடுத்த நிரல்களில் காலாண்டுத் தமிழ், காலாண்டு ஆங்கிலம், அரையாண்டுத் தமிழ் என்று நீண்டுகொண்டே போகும். அச்சிட்டு ஒட்ட அது அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு தேர்வுக்கும் நிரல்கள் கூடும். சூத்திரங்களையும் மாற்ற வேண்டியிருக்கும். இதையே இப்படிப் பிரிக்கலாம்.

மாணவர் அட்டவணை: மாணவர் எண், பெயர், வகுப்பு, ஊர்.
தேர்வு அட்டவணை: தேர்வு எண், தேர்வின் பெயர், தேதி, மொத்த மதிப்பெண்.
மதிப்பெண் அட்டவணை: மாணவர் எண், தேர்வு எண், பாடம், பெற்ற மதிப்பெண்.
வராத நாள் அட்டவணை: மாணவர் எண், தேதி, காரணம்.

முதல் இரண்டும் விளக்க அட்டவணைகள். பின்னிரண்டும் நிகழ்வு அட்டவணைகள். மாணவர் அட்டவணையில் மாணவர் எண் முதன்மைத் திறவுகோல். அதே எண் மற்ற அட்டவணைகளில் வரும்போது அது இணைப்புப் பாலமாகிறது. புதிய தேர்வு வந்தால் நிரல்கள் கூடாது. நிரைகள் மட்டுமே கூடும். 'பேளூரிலிருந்து வரும் குழந்தைகள் எந்த மாதத்தில் அதிகம் வரவில்லை?' என்ற கேள்விக்கும் இப்போது விடை கிடைக்கும்.

அட்டவணை அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. ஒரு நிரை எதைச் சொல்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிவிட வேண்டும். 'ஒரு நிரை என்பது ஒரு மாணவர், ஒரு தேர்வில், ஒரு பாடத்தில் பெற்ற மதிப்பெண்' என்பது போல. இந்த வாக்கியம் அமையவில்லை என்றால் அட்டவணை இன்னும் தயாராகவில்லை.

2. பெயரைக் கொண்டு இணைக்கக் கூடாது. 'சி. முருகன்', 'முருகன் சி' இரண்டும் கணினிக்கு இரு வேறு மாணவர்கள். ஒரே வகுப்பில் ஒரே பெயரில் இருவரும் இருப்பார்கள். எமிஸ் எண்ணோ, சேர்க்கை எண்ணோதான் பொருத்தம். ஊர்ப் பெயரிலும் இதே கவனம் தேவை. ஓரிடத்தில் பேளூர், இன்னோரிடத்தில் பேலூர் என்று எழுதினால் அறிக்கையில் இரண்டு ஊர்களாகிவிடும்.

3. வராததும் சுழியமும் ஒன்றல்ல. ஐந்து மாணவர்களில் நால்வர் 60, 70, 50, 80 பெற்று, ஒருவர் தேர்வுக்கே வரவில்லை. தேர்வு எழுதியவர்களின் சராசரி 65. வராதவருக்குச் சுழியம் இட்டால் சராசரி 52. அந்தக் கட்டத்தை வெற்றாக விட்டு, வராததைத் தனி நிரலில் குறிப்பதே முறை.

4. நீண்ட எண்களை எழுத்து வடிவமாக மாற்றிய பிறகே உள்ளிட வேண்டும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்திருக்கும். அதற்கு மேற்பட்டவை சுழியமாகிவிடும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண் இப்படித்தான் கெடுகிறது. தேதியை 2025-06-02 என்பது போல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் நாளும் மாதமும் இடம் மாறாது.

கருவியைவிட அமைப்பே முக்கியம் என்பதற்கு 2020-இல் இங்கிலாந்தில் நடந்தது சான்று. கொரோனா பரிசோதனை முடிவுகளைத் தொகுக்கும் பணியில் எக்செல்லின் பழைய கோப்பு வடிவம் பயன்பட்டது. அந்த வடிவில் 65,536 நிரைகளுக்கு மேல் இடமில்லை. ஒவ்வொரு முடிவும் பல நிரைகளைப் பிடித்ததால் இடம் விரைவில் நிரம்பியது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 தொற்றுகள் அன்றாடக் கணக்கில் விடுபட்டன. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடுவதும் தாமதமானது. அங்கே இருந்தது கட்டணக் கருவிதான். வடிவத்தின் எல்லையை யாரும் கவனிக்காததே சிக்கலானது.

'இலவசம்' ஒரே வகை அல்ல

கருவிகளை நான்கு வகையாகப் பிரித்துப் பார்ப்பது தெளிவைத் தரும்.

முதல் வகை, கட்டற்ற மென்பொருள். லிப்ரேஆபிஸ் கால்க், எஸ்க்யூலைட் போன்றவை. எத்தனை கணினிகளிலும் நிறுவலாம், இணையம் வேண்டாம், தரவு நம் கணினியிலேயே இருக்கும். கால்க்கில் பிவட் டேபிள், வீலுக்கப் எல்லாம் உண்டு. பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூல் கற்பிக்கும் ஓப்பன்ஆபிஸ் கால்க்கும் இதே குடும்பம்தான். மெட்டாபேஸ், அப்பாச்சி சூப்பர்செட் ஆகியவையும் கட்டற்றவையாகக் கிடைக்கின்றன. ஆனால் பலரும் பயன்படுத்தும்படி அவற்றை நடத்தச் சர்வரும், அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். ஒரு பள்ளிக்கு அது பெரிய சுமை.

இரண்டாம் வகை, இலவசமாகத் தரப்படும் நிறுவன மென்பொருள். பவர் பிஐ டெஸ்க்டாப் இதற்கு எடுத்துக்காட்டு. அட்டவணைகளை இணைத்து மாதிரி அமைப்பதில் இது கால்க்கைவிடப் பல மடங்கு வசதியானது. கோடிழுத்து இணைத்தாலே போதும். ஆனால் விண்டோஸில் மட்டுமே இயங்கும்.

மூன்றாம் வகை, இணையவழி இலவச சேவை. கூகுளின் லுக்கர் ஸ்டுடியோவில் அழகான டாஷ்போர்டு அமைத்துப் பகிரலாம். டேப்லோ பப்ளிக்கில் வெளியிடுவது, அதன் பெயர் சொல்வது போலவே, உலகமே பார்க்கும்படி அமையும். மாணவர் தரவுக்கு அது ஏற்றதல்ல.

நான்காம் வகை, கட்டணச் சேவை. பவர் பிஐ டெஸ்க்டாப்பில் உருவாக்கியதை மற்ற ஆசிரியர்களுடன் இணையத்தில் பாதுகாப்பாகப் பகிர வேண்டுமானால், பொதுவாகப் பகிர்பவருக்கும் பார்ப்பவருக்கும் புரோ உரிமம் தேவை. ஒருவருக்கு மாதம் 10 டாலராக இருந்த அதன் விலை 2025 ஏப்ரலில் 14 டாலர் ஆனது. பத்து ஆசிரியர்களுக்கு ஓராண்டுக்கு 1,680 டாலர். ஒரு டாலரை 85 ரூபாய் என்று கொண்டால் 1,42,800 ரூபாய். கட்டணத்துக்கு ஈடாக யார் எதைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு, தானாகப் புதுப்பிக்கும் வசதி, உதவிச் சேவை ஆகியவை கிடைக்கின்றன. மாவட்டம் அல்லது மாநில அளவில் பல இலட்சம் பதிவுகளைக் கையாளும் அலுவலகத்துக்கு இது நியாயமான செலவாக இருக்கலாம். ஒரு வகுப்பாசிரியருக்கு அப்படியல்ல.

நம் அளவு என்ன என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 500 மாணவர்கள் உள்ள பள்ளியில் 220 வேலை நாட்களின் வருகையை ஒன்றுவிடாமல் எழுதினாலும் 1,10,000 நிரைகள்தான். இன்றைய எக்செல்லும் கால்க்கும் ஒரு தாளில் 10,48,576 நிரைகளை ஏற்கும். வராத நாட்களை மட்டும் எழுதினால் சில ஆயிரம் நிரைகளில் முடிந்துவிடும்.

பயிற்சிதான் உண்மையான செலவு

இலவசக் கருவியிலும் செலவு உண்டு. கற்றுக்கொள்ளும் நேரமே அந்தச் செலவு. கேரளத்தின் அனுபவம் இதை உணர்த்துகிறது. அங்கே 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2017-இல் அதுவே கைட் என்ற அரசு நிறுவனமானது. உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சமாவதாகக் கைட் 2019-இல் கூறியது. பள்ளிகளுக்கென லினக்ஸ் தொகுப்பைத் தாமே வடிவமைத்து, ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சியும் அளித்ததால்தான் அது நடைமுறையில் நின்றது.

நம் மாநிலத்திலும் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்துத் தரப்பட்டது. ஆனால் ஒரு கருவி கணினியில் இருப்பதாலேயே பயன்பாட்டுக்கு வந்துவிடாது. பக்கத்தில் உட்கார்ந்து கற்றுத்தர ஒருவர் வேண்டும். உயர்தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில் கணினி ஆசிரியர்கள் அருகிலுள்ள தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த உதவியைச் செய்யலாம்.

குழந்தைகளின் தரவு நம் பொறுப்பு

2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறைவடையாத அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஆசிரியருக்கு இந்தக் கடமை உண்டு. ஆதார் எண், சாதி, மாற்றுத்திறன் விவரம், பெற்றோர் கைபேசி எண் ஆகியவற்றை அலசலுக்கான கோப்பில் சேர்க்கவே வேண்டாம். பெயர்ப் பட்டியலைத் தனிக் கோப்பில் வைத்து, மற்ற அட்டவணைகளில் எண்ணை மட்டும் பயன்படுத்தலாம். அட்டவணைகளைப் பிரித்து வைப்பதால் கிடைக்கும் இன்னொரு நன்மை இது. 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்ற அமைப்பில் மாணவர் விவரங்களைப் பகிர்வது கூடாது. கட்டணம் செலுத்திய சேவையானாலும் இதில் மாற்றமில்லை.

தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

1. நான் கேட்கவிருக்கும் கேள்வி என்ன? அதற்கு இந்தக் கருவி விடை தருமா?
2. தரவு எங்கே இருக்கும், யார் பார்க்க முடியும்?
3. நாளை இந்தக் கருவியை விட்டால், என் தரவைச் சிஎஸ்வி கோப்பாக எடுத்துச் செல்ல முடியுமா?
4. விலை கூடினாலோ இலவசம் நின்றாலோ என்ன செய்வேன்?
5. நான் மாறுதலில் சென்றால் அடுத்து வரும் ஆசிரியரால் தொடர முடியுமா?

இவற்றை எடைபோட்டுத்தான் என் வகுப்புக்குக் கால்க்கைப் பயன்படுத்துகிறேன். அட்டவணை ஒவ்வொன்றையும் சிஎஸ்வி வடிவிலும் சேமிக்கிறேன். விண்டோஸ் கணினி உள்ளவர்கள் அதே சிஎஸ்வி கோப்புகளைப் பவர் பிஐ டெஸ்க்டாப்பில் திறந்து, தம் கணினியிலேயே வைத்துப் பயன்படுத்தலாம். ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு மாறினாலும் அட்டவணைகள் மாறுவதில்லை.

செய்து பார்ப்போம்

இதற்கெனப் புதிய பதிவேடு எதுவும் தேவையில்லை. வருகைப் பதிவேட்டிலிருந்து கடந்த மூன்று மாதங்களில் வராத நாட்களை மட்டும் எடுத்து, மாணவர் எண், தேதி என்ற இரண்டு நிரல்களில் உள்ளிடுங்கள். மாணவர் எண்ணையும் ஊரையும் மற்றொரு தாளில் எழுதுங்கள். வீலுக்கப் மூலம் ஊரை இணையுங்கள். தேதியிலிருந்து மாதத்தைப் பிரித்தெடுங்கள். பிவட் டேபிளில் நிரையாக மாணவர் எண்ணையும் நிரலாக மாதத்தையும் இட்டு, எண்ணிக்கையை இறங்கு வரிசையில் அமையுங்கள். பின்னர் மாணவர் எண் இருந்த இடத்தில் ஊரை இட்டும் ஒருமுறை பாருங்கள். முதல் பட்டியலின் மேலே நிற்கும் இரண்டு மூன்று எண்களுக்குரிய குழந்தைகள் யார் என்று பார்த்து, இந்த வாரமே அவர்கள் வீட்டுக்குச் சென்று பெற்றோரிடம் பேசுங்கள்.