நிறமும் அழகும்

மாவடிப்பள்ளி வயலிலும் காரைதீவுக் கடற்கரையிலும் வெயிலில் உழைப்போரின் பிள்ளைகளே நம் மாணாக்கர். ஐரோப்பியர் ஆட்சியில் வலுப்பெற்ற ‘வெண்மையே அழகு’ என்னுங் கொள்கை, அவ்வாட்சி அகன்ற பின்னும் களிம்புக் குப்பிகளிற் குடியிருக்கின்றது. 1975இல் இந்தியாவில் வெளிவந்த ‘பெயார் அண்ட் லவ்லி’ 2020இல் ‘குளோ அண்ட் லவ்லி’ எனப் பெயர் மாறிற்று; மக்கள் வேட்கையோ மாறிற்றில்லை. வெண்மை வேண்டிப் பாதரசங் கலந்த களிம்புகளைப் பூசிச் சிறுநீரகங் கெட்டு நலிவாரும் உளர்.

மதுரை மீனாட்சியம்மையை மரகதவல்லியென்றும், மாதங்கியைச் சியாமளையென்றும் போற்றும் நாம், பள்ளி நாடகத்தில் அம்மை வேடத்துக்குச் சிவந்த பிள்ளையையே தேடுதல் முறையாமோ? கரிய சிறுமியைப் பின்வரிசையில் நிறுத்துங்கால், களிம்பு விற்போன் பாடத்தையே நாமுங் கற்பிக்கின்றோம்.

ஆதலின் குரலும் நடிப்பும் நோக்கியே வேடம் அளிப்போமாக. ‘கறுப்பி’ என்னும் இகழ்மொழி வகுப்பில் எழாது காப்போமாக. உமையொருபாகன் அளித்த மேனியை இகழாதிருக்கப் பயிற்றுதலுஞ் சைவக் கல்வியேயாம்.