விளையாட்டுக் கணக்கை நண்பர்களிடம் சொல்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆசையாக ஒரு துணுக்கைச் சொல்கிறோம். நண்பர் "அப்படியா" என்றுவிட்டு போனை எடுத்துவிடுகிறார். பெரும்பாலும் துணுக்கில் குறை இருக்காது. விடையையும் நாமே சொல்லி, அவர் யோசிக்க எதையும் மிச்சம் வைக்காததுதான் காரணம்.

1. மனக்கணக்கில் அடங்குவதாக எடுங்கள்

விம்பிள்டன் ஒற்றையர் பிரிவில் 128 பேர். தோற்றவர் வெளியே. சாம்பியன் யாரென்று தெரிய மொத்தம் எத்தனை ஆட்டம்? தொடங்குவதற்கு இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது.

2. கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்

இதுதான் கடினம். டீக்கடையில் இதைக் கேட்டபோது நண்பன் ஈரவிரலால் மேசையில் 64, 32, 16 என்று எழுதிக் கூட்டி, 127 என்றான். குறுக்குவழியைச் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். டீ ஆறுவதற்குள் அவனே துள்ளினான்: "டேய், ஒரு மேட்சுக்கு ஒருத்தன்தானே தோப்பான்? கப் அடிக்கிறவனைத் தவிர 127 பேரும் தோக்கணும். அப்ப 127 மேட்ச்தான்!" அன்று முதல் அந்தக் கணக்கு அவனுடையது.

3. எண்ணுக்குப் பின்னால் ஆளைக் காட்டுங்கள்

ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் பிராட்மேனின் டெஸ்ட் சராசரி 99.94 என்பது பலருக்கும் தெரியும். அங்கே நிறுத்தாதீர்கள். 80 இன்னிங்ஸ், 10 முறை நாட் அவுட், 6996 ரன். அதாவது 70 முறை அவுட்; ரன்னை இந்த 70-ஆல் வகுத்தால்தான் சராசரி. இன்னும் 4 ரன் இருந்தால் 7000. சராசரி சரியாக 100. 1948 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் கடைசி இன்னிங்ஸ் ஆட வந்தவர், இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் எரிக் ஹோலிஸின் இரண்டாவது பந்திலேயே போல்டு. ஆஸ்திரேலியா இன்னிங்ஸ் வெற்றி பெற்றதால் மறுபடி ஆட வாய்ப்பும் வரவில்லை.

இனிதான் கேள்வி: அன்று ஒரு ரன்கூட எடுக்காமல் நாட் அவுட்டாக நின்றிருந்தால்? 6996-ஐ 69-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 101.39! எனக்கு இன்றும் இது நெஞ்சைப் பிசைகிற கணக்கு.

4. கூட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்

1986 சேப்பாக்கம் டெஸ்டில் ஆஸ்திரேலியா 574, 170. இந்தியா 397, 347. இரண்டு பக்கமும் 744. டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது டை. (முதலாவது 1960, பிரிஸ்பேன்.) டை வேறு, டிரா வேறு என்பதை மறக்காமல் சொல்லுங்கள். ஓர் எண் தவறினாலும் துணுக்கு செத்துவிடும்.

5. கிரிக்கெட் பிடிக்காதவருக்கு

கால்பந்து மைதானத்தில் இரு அணியிலும் சேர்த்து 22 பேர், நடுவரோடு 23. அவர்களில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்க எவ்வளவு வாய்ப்பு? பாதிக்குச் சற்று மேல். வருடத்தில் 365 நாள் இருக்கிறதே என்று மறுப்பார்கள். வாதாட வேண்டாம். 23 பேரை வைத்து எத்தனை ஜோடி சேர்க்கலாம் என்று மட்டும் கேளுங்கள். 253 வரும்.