கழிவுக் குளத்தில் கொக்குக்கு என்ன வேலை?

தம்பி தங்கைகளே, போன வார வகுப்பில் ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணே, எங்க தாமானுக்குப் பின்னால வேலி போட்ட குளம் இருக்கு. நாத்தம் தாங்க முடியல. ஆனா கொக்கு மட்டும் கூட்டமா வருதே, ஏன்?"

நல்ல கேள்வி. அது ஆக்சிஜனேற்றக் குளம். நம் வீட்டுக் கழிவறை நீர் குழாய் வழியாக அங்கே போகிறது. எளிமையான குளம் என்றால் மோட்டார்கூட கிடையாது. நீரில் பாசி வளர்கிறது. வெயில் பட்டால் பாசி ஆக்சிஜன் விடும். அந்த ஆக்சிஜனை வைத்துக்கொண்டு நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று தீர்க்கும். பாசியையும் கழிவையும் நம்பிப் புழுக்களும் பூச்சிகளும் பெருகும். அதைத் தேடித்தான் கொக்கு, மீன்கொத்தி எல்லாம் வருகின்றன. சில இடங்களில் உடும்பும் உண்டு. நமக்கு நாத்தம், அதுக்குச் சாப்பாடு!

இதையே ஒரு மாநகரம் முழுவதும் நம்பி வாழ்ந்தால்? கல்கத்தா அப்படித்தான் வாழ்கிறது.

அந்த ஊரின் கழிவு நீர் ஒரு காலத்தில் கிழக்கே வித்யாதரி ஆற்றில் விழுந்தது. ஆறு மண்மேடிட்டுத் தூர்ந்துபோனது. 1928-இல் செத்த ஆறு என்றே அறிவித்துவிட்டார்கள். உப்புநீர் வரத்து நின்றதும் அங்கிருந்த மீன் வளர்ப்பவர்கள் என்ன செய்வது என்று யோசித்து, கால்வாயில் வந்த கழிவு நீரையே தங்கள் குளங்களுக்குத் திருப்பினார்கள். படிப்பு இல்லை, இயந்திரம் இல்லை. அதிகம் விட்டால் ஆக்சிஜன் குறைந்து மீன் செத்து மிதக்கும், குறைவாக விட்டால் மீன் வளராது. நீரின் நிறத்தைப் பார்த்தே அளவு தெரிந்துகொண்டார்கள். குளத்தின் ஆழம் ஐந்தடிக்கும் குறைவு. வெயில் அடிவரை இறங்க வேண்டுமே, அதற்காகத்தான். ரோகு, கட்லா மீன்கள் அந்தப் பாசியைத் தின்று வளர்கின்றன. மிச்ச நீர் வயலுக்குப் போகிறது. நாளொன்றுக்கு சுமார் 75 கோடி லிட்டர் கழிவு நீர் வருகிறது. வருடத்துக்கு 10,000 டன்னுக்கு மேல் மீன் கிடைக்கிறது.

1980களின் தொடக்கத்தில் துருபஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர், 'இந்த நகரத்துக் கழிவு எல்லாம் எங்கே போகிறது?' என்று தேடிக்கொண்டு கால்வாய் ஓரமாகவே போனார். போய்ப் பார்த்தால், கட்ட வேண்டிய சுத்திகரிப்பு நிலையம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது! மீனவர்களிடம் பாடம் கேட்டு அதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் அவர்தான். 2002-இல் அந்த 12,500 ஹெக்டர் நிலம் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. கொக்கு, நீர்க்காகம், மீன்பிடிப் பூனை, சதுப்புநிலக் கீரி என்று பல உயிர்களுக்கு அது வீடு.

சிலர் முகம் சுளிப்பீர்கள். "சீ, அந்த மீனையா சாப்பிடுறாங்க?" எஸ்டேட்டில் நம் பாட்டி கத்தரிச் செடிக்குச் சாணம் போட்டார், அந்தக் கத்தரிக்காயை நாம் சாப்பிடவில்லையா? உண்மையான ஆபத்து வேறு. தோல் பதனிடும் தொழிற்சாலை போன்ற இடங்களிலிருந்து வரும் குரோமியம் முதலான உலோகங்களைப் பாசியும் வெயிலும் அழிக்க முடியாது. வீட்டுக் கழிவோடு அது கலக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை.

இன்னொரு ஆபத்து வீட்டுமனை. கல்கத்தாவின் சால்ட் லேக் நகரமே சதுப்பு நிலத்தை மண் கொட்டி நிரப்பி எழுந்ததுதான். 1992-இல் உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் குளங்கள் காணாமல் போகின்றன. குளம் போனால் பறவை மட்டுமா போகும்? அத்தனை கழிவையும் சுத்தம் செய்யப் பணம் கொட்டி இயந்திரம் வாங்க வேண்டியிருக்கும்.

நம் தஞ்சோங் டாவாய் மெர்போக் ஆற்றின் முகத்துவாரம். மேலே ஊர்களில் எது கலந்தாலும் அது பாக்காவ் காட்டைக் கடந்து நம் ஜெட்டிக்குத்தான் வரும். அந்தக் கடல் மீனைத்தான் இங்கே வெயிலில் காய வைக்கிறோம்.

அடுத்த வகுப்புக்கு வேலை: உங்கள் வீட்டுக் கழிவு நீர் எங்கே போகிறது, செப்டிக் டேங்கா, குளமா, நிலையமா என்று அப்பா அம்மாவிடம் கேட்டு எழுதி வாருங்கள். குளம் இருந்தால் காலை ஏழு மணிக்குப் பெரியவர் ஒருவரோடு போய்ப் பறவைகளை எண்ணுங்கள். வேலிக்கு வெளியிலேயே நில்லுங்கள், கரை வழுக்கும்.