கிணற்று நீர் செல்வமா?

ஆற்காட்டிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் உள்ள ஊர் திமிரி. அப்பகுதி மாணவர்களுக்கு ஏரியும் மதகும் பழக்கமானவை. ஏரியில் நிற்கும் நீரை லிட்டரில் சொல்லலாம். மதகில் பாயும் நீருக்கு அது போதாது. விநாடிக்கு இத்தனை லிட்டர் என்று சொல்லவேண்டும். முன்னது இருப்பு, பின்னது ஓட்டம்.

பொருளியலில் செல்வம் என்பது இருப்பு. வருமானம் என்பது ஓட்டம். நிலம், வீடு, மாடு, எந்திரம் ஆகியவற்றின் இன்றைய மதிப்பு செல்வம். ஆண்டுக்கு இத்தனை ரூபாய் என வருவது வருமானம். இவ்விரண்டையும் குழப்புவது, இயற்பியல் ஆசிரியனான எனக்கு, தூரத்தையும் வேகத்தையும் கூட்டுவதுபோல் தோன்றுகிறது!

எவையெல்லாம் செல்வம்? பயன் தரவேண்டும், கைமாறத் தக்கதாக இருக்கவேண்டும், வேண்டிய மட்டும் தாராளமாகக் கிடைக்காததாகவும் இருக்கவேண்டும். ஆகவே காற்று செல்வமன்று, இலவசப் பண்டம். ஒரு காலத்தில் பாலாற்றங்கரைக் கிணற்று நீரும் அப்படித்தான்.

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில், ஊரார் டேனரி என்று சொல்லும் தோல் பதனிடும் ஆலைகள் பல உண்டு. அழுகாமலிருக்க உப்பிட்டு வரும் தோலை முதலில் கழுவவேண்டும். பின்னர் சுண்ணாம்பு, அதன்பின் முன்னாளில் ஆவாரம்பட்டை, இந்நாளில் பெரும்பாலும் குரோமிய உப்பு. கழிவு நீரிலுள்ள குரோமியத்தைக் காரம் சேர்த்து வீழ்படிவாக்கிப் பிரிக்கலாம். சாதாரண உப்போ வீழ்படியாது. கரைந்தபடியே மணலையும் கடந்து நிலத்தடி நீரில் கலந்துவிடும். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், இத்தோல் தொழிற்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போனது குறிக்கப்பட்டுள்ளது.

இப்போது கணக்கைப் பாருங்கள். நல்ல நீர் ஊறியவரை கிணற்று நீரின் மதிப்பு ஏட்டில் சுழி. கிணறு உப்பானதும் மக்கள் குடிநீரை விலைக்கு வாங்குகிறார்கள். உடனே நீர் செல்வமாகிவிடுகிறது! தோல் விற்ற பணம் ஒரு வரவு, நீர் விற்ற பணம் இன்னொரு வரவு. கெட்டுப்போன கிணறு எந்தப் பக்கத்திலும் இல்லை.

இந்த முரண்பாட்டை 1804-லேயே ஸ்காட்லாந்தின் லாடர்டேல் பிரபு சுட்டிக்காட்டினார். தனியார் செல்வம் பெருகும்போதே பொதுச் செல்வம் குறையக்கூடும் என்பது அவர் வாதம். அவரும் நீரையே எடுத்துக்காட்டாகக் கொண்டார்.

தோல் தொழில் தந்த கூலியும் ஏற்றுமதியும் பொய்யல்ல. ஆனால் வரவை மட்டும் எழுதிக் கழிவை எழுதாதது கணக்காகுமா? மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்றது அத்தீர்ப்பு. இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம் அமைக்கவும் உத்தரவிட்டது. கெட்ட கிணற்றுக்கும் ரூபாயில் ஓர் எண் வந்தது அவ்வாறுதான்.

உங்கள் ஊர்க் கிணற்று நீரை ஒரு லிட்டர் எடுத்து, ஆசிரியர் மேற்பார்வையில் ஆய்வகத்தில் ஆவியாக்கி, எஞ்சிய உப்பை எடை போடுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு அரை கிராம் வரை ஏற்கலாம். வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2 கிராம் வரை. உங்களுக்கு எவ்வளவு வந்தது?